நான்காவது மாடி லிஃப்ட் இயங்குகிறது

இருபத்திரண்டு வருட சர்வீஸில் பதிலாளர் ஒரு பொய்கூட எழுதியதில்லை. உண்மையையும் எழுதியதில்லை என்பது வேறு விஷயம். சட்டசபையில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அமைச்சர் வாசிக்க வேண்டிய பதிலைத் தயாரிப்பதுதான் அவர் வேலை. சுகாதாரத் துறை அலுவலகத்தில் ஒரு பக்கம் இரும்பு பீரோ, மறுபக்கம் கழுவாத டீ டம்ளர்கள், நடுவில் அவர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி துறை முழுக்க அவர் பதிலாளர்தான்.

சட்டசபைக் கேள்வி என்பது நீங்களும் நானும் கேட்கிற மாதிரியான கேள்வி இல்லை. அதற்குக் கைகால் உண்டு. (அ) இன்ன விஷயம் அமைச்சருக்குத் தெரியுமா? (ஆ) தெரியுமென்றால் என்ன நடவடிக்கை எடுத்தார்? (இ) எடுக்கவில்லையென்றால் ஏன்? இதில் (அ)வுக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிவிட்டால் போதும், மற்ற இரண்டும் தானாகக் கழன்று விழுந்துவிடும். அவற்றுக்கு எதிரே 'எழவில்லை', அதாவது கேள்விக்கே இடமில்லை, என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம். அமைச்சருக்குத் தெரியாது என்பதில் பொய்யும் கிடையாது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அத்தனை பேர் அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்கினார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு லிஃப்ட் விஷயத்தில் மாட்டிக்கொண்டார்.

பெரிய அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவு நான்காவது மாடியில் இருந்தது. கால் உடைந்தவர்களை ஏன் நான்காவது மாடியில் வைத்தார்கள் என்று கேட்கக் கூடாது. கீழ்த்தளத்தில் அலுவலகம் இருந்தது, அலுவலர்களுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அந்த மாடிக்குப் போகும் லிஃப்ட் பதினோரு மாதமாக ஓடவில்லை என்பது அமைச்சருக்குத் தெரியுமா, எப்போது ஓடும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார். பதிலாளர் நல்ல பிள்ளையாக, 'பழுது பார்க்கும் பணி நடைபெற்று வருகிறது' என்று எழுதிக் கொண்டுபோனார்.

பிரிவுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா இது? நடைபெற்று வருகிறதுன்னு சொன்னா, எப்போலேருந்து நடக்குது, எப்போ முடியும், யார் மேல நடவடிக்கைன்னு வரிசையாத் துணைக் கேள்வி வரும். அமைச்சர் என்னைப் பார்ப்பார். நான் உன்னைப் பார்ப்பேன். நீ யாரைப் பார்ப்பே?"

இங்கேதான் பதிலாளரின் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த லிஃப்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்த மெக்கானிக் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் அண்ணன். மத்தியானம்தான் போன் பண்ணி, "மாப்ளே, பார்ட்ஸ் வந்துருச்சு. இன்னும் ரெண்டே நாள், பறக்க விட்டுர்றேன் பாரு" என்று சொல்லியிருந்தார். தனக்கு உள்ளூர விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை யாரைத்தான் விட்டது? பதிலாளர் அதைச் சொல்லிவிட்டார்.

"அட, முன்னாடியே சொல்றதுக்கென்ன!" தலைவர் முகம் மலர்ந்தது. "பதிலை வாசிக்கப்போறது பத்து நாள் கழிச்சு. அன்னைக்கு லிஃப்ட் ஓடும். அன்னைக்கு உள்ள நிலவரத்தை எழுதினா அது எப்படிப் பொய்யாகும்? எழுது."

பதிலாளர் எழுதினார். '(அ) இல்லை. லிஃப்ட் இயங்குகிறது. (ஆ), (இ) எழவில்லை.' எழுதும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. ஆனால் மச்சான் சொன்னால் சொன்னதுதான், வேலையில் புலி என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை, புலி தோளில் கருவிப் பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பையைத் தரையில் போட்ட சத்தத்தில் பதிலாளர் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னண்ணே, வேலை முடிஞ்சுதா?"

"முடிச்சு விட்டுட்டாங்க!" மச்சான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஏணி மேல நிக்கிறேன், கதவைக் கழட்டி வச்சிருக்கேன், இன்னும் அரை நாள் வேலை. பெரிய டாக்டர் ஒரு காகிதத்தைத் தூக்கிட்டு ஓடி வர்றார். 'ஓடுற லிஃப்ட்டை எதுக்குப்பா பிரிச்சுப் போட்டிருக்கே?'ன்னு கேக்கறார். எங்க சார் ஓடுது, கயிறே கையில இருக்குன்னேன். 'உன் கையில என்ன இருக்குங்கிறது முக்கியமில்ல, காகிதத்துல என்ன இருக்குங்கிறதுதான் முக்கியம். அமைச்சர் ஓடுதுன்னு அவையில சொல்லப்போறார். நான் ரிப்பேர் பண்ணினதா ரிஜிஸ்டர்ல எழுதினா, அமைச்சர் சொன்னது பொய்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அது சபையோட உரிமை மீறல். என்னைக் கூண்டுல ஏத்துவாங்க'ன்னு சொல்லிக் கதவை மாட்டச் சொல்லிட்டார். புது பார்ட்ஸை வேற திருப்பி அனுப்பிட்டார். ஓடுற லிஃப்ட்டுக்குப் பார்ட்ஸ் எதுக்குன்னு."

"அடப்பாவமே. யாருண்ணே அப்படி எழுதினது?"

"எவனோ ஒரு அறிவுகெட்டவன். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…"

பதிலாளர் சாப்பாட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க, உங்க ஆபீஸ்தானே இதெல்லாம் பார்க்கும்? யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. விசாரிக்கிறேன் என்றார். தொண்டையில் ஒரு கவளம் சிக்கிக்கொண்டு கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தார், சரியாகவில்லை.

மறுநாள் பிரிவுத் தலைவர் முன்னால் போய் நின்றார்.

"சார், அந்தப் பதிலைத் திருத்தணும்."

"எந்தப் பதில்?"

"லிஃப்ட் சார். ஓடலை."

தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அமைச்சர் இன்னும் அதைச் சொல்லவே இல்லையே. சொல்லாததை எப்படித் திருத்துவே? முதல்ல அவர் அவையில தப்பா சொல்லணும். அப்புறம் நாம தப்புன்னு கண்டுபிடிக்கணும். அப்புறம் திருத்த அறிக்கை தயாரிச்சு, ஏழு மேசை தாண்டி, அடுத்த கூட்டத்தொடர்ல வைக்கணும். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்ல?"

"அப்போ அச்சுக்குப் போகாம நிறுத்திட்டா?"

"அறுநூறு காப்பி அடிச்சாச்சு. அறுநூறு காப்பியையும் மாத்தறதா, ஒரு லிஃப்ட்டை மாத்தறதா? எது சுலபம், நீயே சொல்லு."

"லிஃப்ட்டுதான் சார் சுலபம். அரை நாள் வேலை. ஆனா அதைத் தொடக் கூடாதுங்கறாங்களே."

"பின்னே? ஓடுற லிஃப்ட்டைத் தொடலாமா? தொட்டா நின்னுடாது?" என்றார் தலைவர். அதில் கேலி கொஞ்சமும் இல்லை. அவர் முழு மனதோடுதான் சொன்னார்.

சனிக்கிழமை காலை பதிலாளர் யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போனார். ஏன் போனார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. குற்றம் செய்தவன் அந்த இடத்தைச் சுற்றி வருவான் என்பார்களே, அந்தக் கதைதான். லிஃப்ட் வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. 'லிஃப்ட் இயங்குகிறது. அனைவரும் படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' பலகைக்குக் கீழே முக்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ரிஜிஸ்டர்.

"நீங்க யாருங்க?"

"லிஃப்ட் ஆபரேட்டர். ஓடுற லிஃப்ட்டுக்கு ஆள் வேணும்ல? நேத்துதான் போட்டாங்க." அவர் ரிஜிஸ்டரில் ஏதோ எழுதினார். "இன்னைக்கு இதுவரைக்கும் நாப்பத்தொரு பேர் ஏறியிருக்காங்க."

"எப்படி எண்றீங்க?"

"படிக்கட்டுல போறவங்களைத்தான். வேற யாரை எண்ணறது?"

பதிலாளர் வாயை மூடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சார்! வெறுங்கையோட நிக்கிறீங்கல்ல, இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க!"

பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கொத்தனார். கால் முழுக்க மாவுக்கட்டு. நாற்காலியின் முன்காலை ஒரு வார்டுக்காரர் பிடித்திருந்தார், பின்பக்கம் ஒரு வார்டு ஆயாம்மா. ஐம்பத்தெட்டு வயது இருக்கும். புடவையை இழுத்துச் செருகி, இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். பதிலாளர் ஆயாம்மாவின் பக்கமே பிடித்துக்கொண்டார். முதல் மாடியில் மூச்சு வாங்கியது. இரண்டாவதில் கண் இருட்டியது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் கொத்தனார், "மன்னிச்சுக்குங்க சார், நான் கொஞ்சம் கனம்" என்று சொன்னார். உடைந்த காலோடு அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டதும் பதிலாளருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

நான்காவது மாடியில் இறக்கி வைத்ததும் ஆயாம்மா சுவரில் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா?"

"எட்டு, பத்து. எக்ஸ்ரே கீழ இருக்குல்ல? இறக்கணும், ஏத்தணும். இன்னும் பதினாலு மாசம் சர்வீஸ் இருக்கு சார். இடுப்பு அதுவரைக்கும் தாங்கணும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க, நான்தான் சட்டசபை மெம்பருக்கு லெட்டர் போட்டேன். அவர் கேள்வி கேக்கறேன்னுட்டார். வர்ற வியாழக்கிழமை. எனக்குப் பாஸ்கூடக் குடுத்திருக்கார், நேர்ல உக்காந்து பார்க்கலாமாம். மந்திரி வாயால ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும் சார், மறுநாளே லிஃப்ட் ஓடிரும். அத்தனை பேர் முன்னாடி மாத்திப் பேசுவாங்களா என்ன?"

சொல்லிவிடலாம் என்று பதிலாளருக்கு நாக்கு நுனிவரை வந்தது. நான்தாம்மா அந்தப் பாவி, உங்க லெட்டரைக் கொன்னவன் நான்தான் என்று. ஆனால் அந்த முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் கோழைத்தனம் வந்து வாயை அடைத்துவிட்டது. "நல்லது நடக்கும்மா" என்று சொல்லிவிட்டு, திருடனைப் போலப் படியிறங்கினார். ஆபரேட்டர் அவரையும் எண்ணிக்கொண்டார்.

வியாழக்கிழமை வந்தது. அவையில் அமைச்சருக்குப் பின்னால் அதிகாரிகள் மாடம். துணைக் கேள்வி வந்தால் அங்கிருந்து துண்டுச் சீட்டில் பதில் எழுதி அனுப்புவார்கள். கடைசி வரிசையில் பதிலாளர், அவருக்கு முன்னால் பிரிவுத் தலைவர், அவருக்கு முன்னால் இணைச் செயலாளர், எல்லோருக்கும் முன்னால் செயலாளர். எதிரே உயரத்தில் பார்வையாளர் மாடம். அங்கே ஆயாம்மா, நல்ல புடவை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

அவைத் தலைவர் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். அமைச்சர் எழுந்து வாசித்தார். "இல்லை. லிஃப்ட் இயங்குகிறது. பிற பகுதிகள் எழவில்லை."

ஆயாம்மா பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்பது தெரிந்தது. சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்திருப்பார் போல.

எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்தார். இவரும் ஒரு காலத்தில் இதே துறைக்கு அமைச்சராக இருந்தவர்தான். "தலைவர் அவர்களே! அந்த லிஃப்ட்டைத் திறந்துவைத்தவன் நான். திறப்பு விழா நடந்த நாள் முழுவதும் அது ஓடியது என்பதை இந்த அவைக்குப் பெருமையோடு நினைவூட்டுகிறேன். அன்று மாலை நான் கிளம்பிய பிறகு என்ன நடந்தது என்பதற்கு நான் பொறுப்பல்ல. நாங்கள் லிஃப்ட்டோடு நின்றுவிடவில்லை. எங்கள் ஆட்சியில் பதினெட்டு மருத்துவமனைகளுக்கு அடிக்கல் நாட்டினோம். அந்தக் கற்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன! அவற்றை அசைக்க இந்த அரசால் முடிந்ததா?"

மேசை தட்டும் சத்தம் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. "துணைக் கேள்வியைக் கேளுங்கள்" என்றார் அவைத் தலைவர்.

"கேட்கிறேன். எனக்கு ஒரு கடிதம் வந்தது, அதை எங்கேயோ வைத்துவிட்டேன். போகட்டும். அமைச்சருக்கு ஒரே கேள்வி. இந்த நிமிடம், அந்த லிஃப்ட் ஓடுகிறதா, இல்லையா?"

அமைச்சர் திரும்பி மாடத்தைப் பார்த்தார். செயலாளர் திரும்பினார், இணைச் செயலாளர் திரும்பினார், பிரிவுத் தலைவர் திரும்பினார். பதிலாளருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

இதுதான் சமயம் என்று அவருக்குத் தோன்றியது. சீட்டில் பெரிய எழுத்தில் 'ஓடவில்லை' என்று எழுதி நீட்டினார். உடம்பு லேசாகிவிட்டது. வேலை போனால் போகட்டும்.

பிரிவுத் தலைவர் சீட்டைப் பார்த்தார், வியர்த்தார். 'ஓடவில்லை' என்று எதிர்மறையாக ஒரு பதிலை மேலே அனுப்புவது மரியாதையில்லை. அடித்துவிட்டு 'நிற்கிறது' என்று எழுதினார். இணைச் செயலாளருக்கு அது மொட்டையாகப் பட்டது. 'நிலையாக உள்ளது' என்று திருத்தினார். செயலாளர் நாற்பது வருட அனுபவசாலி. ஒரு தடவை படித்தார், இரண்டு சொல் சேர்த்தார், அமைச்சரிடம் நீட்டினார்.

அமைச்சர் சீட்டைப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "தலைவர் அவர்களே! எதிர்க்கட்சி ஆட்சியில் ஏறுவதும் இறங்குவதுமாகத் தடுமாறிக்கொண்டிருந்த அந்த லிஃப்ட், எங்கள் ஆட்சியில் நிலையான இயக்கத்தில் உள்ளது!"

ஆளுங்கட்சிப் பக்கம் மேசைகள் உடைந்துவிடும்போல இருந்தது. உறுப்பினரும் திருப்தியாக உட்கார்ந்தார், அவர் பேச வேண்டியதைப் பேசிவிட்டார். பதிலாளர் தன்னை அறியாமல் எழுந்து, "ஓடலீங்க! சத்தியமா ஓடலீங்க!" என்று கத்திவிட்டார். அவை ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. மாடத்திலிருந்து வரும் சத்தம் அவைக்குறிப்பில் ஏறாது என்று அவைத் தலைவர் தீர்ப்பளித்தார். காவலர் வந்து தோளைத் தட்டி, இருமல் இருந்தால் வெளியே போய் இருமிவிட்டு வரலாம் என்றார்.

உயரத்தில் ஆயாம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. அடுத்த கேள்வி மீன்வளத்தைப் பற்றி. தன் கேள்வி முடிந்துவிட்டது என்பது அவருக்குப் புரியவில்லை. ஒரு கேள்விக்கு அவையில் பதில் சொல்லியாகிவிட்டால் அதே கேள்வியை ஒரு வருடத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது என்ற விதியும் அவருக்குத் தெரியாது. பதிலாளருக்குத் தெரியும்.

பன்னிரண்டு நாள் கழித்து மச்சான்தான் செய்தி கொண்டுவந்தார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஆயாம்மா நாற்காலியோடு விழுந்துவிட்டாராம். நோயாளிக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஏனென்றால் அவர் விழுந்தது ஆயாம்மா மேலே. ஆயாம்மாவுக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. கூட வேலை செய்கிறவர்கள் நான்கு பேர் சேர்ந்து அவரை நான்காவது மாடிக்குத் தூக்கிப் போனார்களாம். பதிலாளர் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

ஆயாம்மா கட்டிலில் படுத்திருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "வாங்க சார். உங்களைத்தான் நினைச்சேன். நீங்க ஆபீஸ்ல பதில் எழுதுறவராமே, லிஃப்ட் மெக்கானிக் சொன்னார். எனக்கும் ஒரு பதில் எழுதிக் குடுங்க."

அது ஒரு மெமோ. (அ) இயங்கும் லிஃப்ட் இருக்கையில் தாங்கள் படிக்கட்டில் நோயாளியைத் தூக்கிச் சென்றது உண்மையா? (ஆ) உண்மையெனில், அமைச்சரின் அவை அறிவிப்பை அவமதித்தது ஏன்? (இ) தங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது?

பதிலாளர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஓடுதுன்னு எழுதினது நான்தாம்மா" என்றார். அழுதுவிட்டார். மச்சான் போனில் சொன்னது, பிரிவுத் தலைவர் சொன்னது, பத்து நாள் கணக்கு, எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

ஆயாம்மா அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "அன்னைக்கு நாற்காலி தூக்கினீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாம்ல சார்?" என்றார்.

"சொல்லியிருக்கலாம்மா."

"நல்ல புடவையெல்லாம் கட்டிக்கிட்டுப் போனேன்" என்று சொல்லிவிட்டு, ஆயாம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று பதிலாளர் மெமோவுக்குப் பதில் எழுதினார். '(அ) ஆம். (ஆ) லிஃப்ட் ஓடவில்லை. ஓடுகிறது என்று பொய்யாக எழுதியவன் நான். (இ) நீக்க வேண்டியது என்னை.' கீழே தன் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகலை அவைத் தலைவருக்கே அனுப்பினார்.

அமைச்சர் சொன்னதைப் பொய் என்று ஒரு குமாஸ்தா எழுதிவிட்டானே! சபை கொதித்தது. நேரில் போய் விசாரிக்க ஐந்து உறுப்பினர் குழு ஒன்று போட்டார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து வயது முந்நூற்று அறுபது, மூட்டு வலி எல்லோருக்கும் உண்டு. குழு நான்காவது மாடிக்கு வருகிறது என்ற தகவல் கிடைத்ததும் பெரிய டாக்டர் மச்சானுக்கு ஆள் அனுப்பினார்.

"'ரிப்பேர்னு வாயே திறக்காதே, தூசி தட்ட வந்தேன்னு எழுதிக்கோ'ங்கறார் மாப்ளே. பார்ட்ஸ் வந்து இறங்கிருச்சு. அரை நாள்ல முடிச்சிட்டேன். இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாமே சார்னு கேட்டேன். அன்னைக்கு யாரும் ஏறிப் பார்க்க வரலையேன்னார்." மச்சான் பதிலாளரின் முகத்தைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னார். விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் அப்படித்தான். கையில் கிடைத்த அறிவுகெட்டவனை என்ன செய்வது என்று தெரியாமல், தங்கை முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

குழு லிஃப்ட்டில் ஏறி வந்தது. நன்றாக இருக்கிறது என்று இறங்கி, மறுபடி ஏறி வந்தது. வார்டிலேயே மேசை போட்டு விசாரணை. ஆயாம்மாவின் கட்டில் பத்தடி தூரத்தில் இருந்தது.

"லிஃப்ட் ஓடவில்லை என்று எழுதியது நீங்கள்தானே?" என்றார் குழுத் தலைவர்.

"ஆமாங்க."

"நாங்கள் ஏறி வந்தோமே?"

"நேத்து மத்தியானம்தாங்க…"

"யோசித்துப் பேசுங்கள்." குழுத் தலைவர் பேனாவை மூடினார். "நேற்றுதான் சரிசெய்தார்கள் என்று நீங்கள் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன், தடையில்லை. ஆனால் அப்போது இந்த லிஃப்ட் சாட்சிப் பொருள் ஆகிவிடும். விசாரணை முடியும்வரை சீல் வைக்க வேண்டும். எங்கள் குழு போனமுறை சீல் வைத்த ஆம்புலன்ஸ் ஒன்பது வருடமாகப் பத்திரமாக இருக்கிறது. ஒரு டயர்கூடத் தேயவில்லை."

பதிலாளர் திரும்பிப் பார்த்தார். லிஃப்ட் கதவு திறந்தது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு அந்தக் கொத்தனார் சக்கர நாற்காலியில் வந்தார், தள்ளிக்கொண்டு வந்த வார்டுக்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தார். மெமோவுக்கு எழுதின பதில் பொய் என்று ஒப்புக்கொண்டால் லிஃப்ட் ஓடும். ஆனால் ஓடுகிற லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியேறிய குற்றம் ஆயாம்மா தலையில் உட்காரும். வேலை போகும். எழுதினது உண்மைதான் என்று நின்றால் ஆயாம்மா தப்பிப்பார், லிஃப்ட்டுக்கு சீல். இருபத்திரண்டு வருடம் கேள்விகளைக் கழற்றிவிட்டவருக்கு இந்தக் கேள்வியைக் கழற்றத் தெரியவில்லை. அவர் ஆயாம்மாவைப் பார்த்தார்.

ஆயாம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "விடுங்க சார்" என்றார். "ஓடட்டும்."

"என்ன சொல்கிறீர்கள்?" என்றார் குழுத் தலைவர்.

"நான் எழுதினது பொய்தாங்க" என்றார் பதிலாளர்.

குழு மகிழ்ச்சியோடு இறங்கிப் போனது. அவையை அவமதித்ததற்காகப் பதிலாளரைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். ஆயாம்மாவை நீக்கிய உத்தரவு ஒரே வாரத்தில் வந்தது. அந்தத் துறையில் எதுவும் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, பதிலாளரே போய் ஆயாம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். லிஃப்ட்டுக்குள் இருவரும் ஏறினார்கள். ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினார். ஒரு சின்ன உறுமல். கதவு திறந்தபோது எதிரே கீழ்த்தளத்து வாசல் தெரிந்தது.

"வந்துட்டோமா?" ஆயாம்மா நம்பாமல் பார்த்தார். "இவ்வளவுதானா சார்?"

"இவ்வளவுதான்மா." பதிலாளர் நாற்காலியைத் தள்ளாமல் அப்படியே நின்றார். "என்னை மன்னிச்சிருங்கம்மா."

வெளியே கைக்கட்டோடும் கால்கட்டோடும் ஒரு கூட்டம் காத்திருந்தது. ஆயாம்மா அவர்களைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க சார், அவங்க ஏறணும்ல?"